நாலு புள்ளி ரெண்டு

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்குப் பின்சந்து,
முதல் மாடி, ஒரு ஜன்னல், ஒரு மேசை.
செத்த லேப்டாப்புகளின் வயிற்றிலிருந்து
நான் உருவிய நானூற்றுப் பன்னிரண்டு செல்கள்.

மீட்டர் மூணு புள்ளி அஞ்சுக்கு மேல் காட்டினால்
பிழைத்துக்கொள்ளும்.
ரெண்டுக்குக் கீழே, சிவப்பு வாளி.
நடுவில் நிற்பவைதான் தொல்லை.
ஏற்றினால் ஏறும், சிரித்த முகமாய் இருக்கும்,
ராத்திரியில் யாரும் கேட்காமலே இறங்கிவிடும்.
அவற்றுக்கு ஒரு வாரம் தவணை.
என் பொறுமையும் அவ்வளவுதான்.

இன்னாசி வந்தான்.
ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் பின்பெஞ்சு,
இப்போது கப்பலில்.
கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தான்:
விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைக் குழாய்.
எந்தத் துறைமுகத்தில் வாங்கினாய் என்று நான் கேட்கவில்லை.
இங்கே இதற்குத் தடை. அவனும் சொல்லவில்லை.
"ஷம்ஷாத், நல்ல ஜோடியா ஒண்ணு குடு.
ஒண்ணுமேல ஒண்ணு வெக்கணும்."

திருகித் திறந்தேன்.
சிப் இல்லை. ஃப்யூஸ்கூட இல்லை.
பொத்தான் என்பது ஒரு செப்புத் துண்டு,
அமுக்கினால் தொடும், விட்டால் விலகும்.
போதும் என்று சொல்ல
உள்ளே யாருமே இல்லை.

காயிலை அளந்தேன்: புள்ளி ரெண்டு ஓம்.
கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்கு எழுதினேன்.
முழுசாய் ஏறிய செல், நாலு புள்ளி ரெண்டு வோல்ட்.
வகுத்தால் இருபத்தொரு ஆம்பியர்.
ஜோடி வைத்தால் நாற்பத்திரண்டு.
"இன்னாசி, இதெல்லாம்
மூணு மணி நேரம் படம் பாக்கப் பொறந்த செல்லு.
அஞ்சு ஆம்பியருக்கே மூச்சு வாங்கும்."

"அப்ப இது?" என்று
பேன்ட் பையில் கைவிட்டு எடுத்தான் ஒன்றை,
வீட்டுச் சாவி, சில்லறை, ஒரு சேஃப்டி பின்னோடு.
பிடுங்கிக்கொண்டேன்.
தலைப்பக்கம் சட்டை கிழிந்து இரும்பு தெரிந்தது.
சட்டையில் முப்பத்தஞ்சு ஆம்பியர் என்று தங்க எழுத்து.
தராசில் வைத்தால் முப்பத்தாறு கிராம்,
நல்ல செல்லுக்குப் பத்து கிராம் குறைவு.
வாய் பெரிசு, வயிறு காலி.

எதிர்வீட்டு ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்ப்பார்.
ஜோடி சேர்க்க எனக்கு மூன்று போதும்:
வயது, கொள்ளளவு, உள்தடை.
உள்தடை இருபது மில்லி ஓம் என்றால் கேட்டதும் கொடுக்கும்.
அறுபது என்றால்
கொடுப்பதற்கு முன்னால் தானே சூடாகும்.
இந்த மூன்றும் பார்த்துச் சேர்த்ததிலேயே
ஒன்று முதலில் களைத்து,
மற்றது அதைத் தலைகீழாய்த் தள்ளியதைப் பார்த்திருக்கிறேன்.
செல்லில்தான். வேறெங்கே என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

"ஒரே செல். ஒரு ஓம் காயில்.
நாலு ஆம்பியர்தான் இழுக்கும், குழாய் சுடாது."
"பொகையே வராதே."
"கொஞ்சமா வரும்."
"கொஞ்சமா வந்தா எதுக்கு?"
அதற்கு என்னிடம் மீட்டர் இல்லை.

மின்விசிறிச் சத்தத்தில் கொஞ்ச நேரம்.
பிறகு தானாகச் சொன்னான்:
நடுராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு வரை வாட்ச்,
மேல்தட்டில் விளக்கு போடக் கூடாது,
சுற்றிலும் தண்ணீரும் இருட்டும்.
"பொகைக்கு இல்ல. கையில ஏதோ
வெதுவெதுன்னு இருக்கும்."

காசிமேட்டு வலைவிளக்குக்கு என்று
எடுத்து வைத்ததில் ஒன்றைத் தேர்ந்தேன்.
இருபத்திரண்டு மில்லி ஓம். நீலச் சட்டை புதிதாய்ப் போட்டு,
தலைக்குக் காகித வளையம் ஒட்டி,
சூடு காட்டிச் சுருக்கினேன்.
கிழிந்ததை வாளி மணலில் புதைத்தேன்.
நூற்றைம்பது கொடுத்தான். பேரம் பேசவில்லை,
அதுவே எனக்குச் சந்தேகமாய் இருந்தது.

பர்மா பஜாரில் இன்னொன்று வாங்கி
ஜோடி சேர்ப்பானோ,
சேர்க்கமாட்டானோ.

படியிறங்கும்போது
பையில் சில்லறை குலுங்குவது கேட்டது.
ஜன்னலில் பாதி உடம்பை நீட்டிக் கத்தினேன்:
"இன்னாசி! காசை எடுத்து வேற பாக்கெட்ல போடு!"

கறிக்கடை வாசலில் நின்ற ஏழெட்டுப் பேரும்
ஒரு கணம்
தங்கள் பையைத் தொட்டுப் பார்த்தார்கள்.